சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்': அந்தக் கடைசிப் பேச்சு படத்தைக் கெடுக்கிறதா?

ரீல்பெட்டி:
ஞாயிற்றுக்கிழமை வீட்டில் 'தி கிரேட் டிக்டேட்டர்' போட்டோம். ஹிட்லரைக் கேலி செய்து சாப்ளின் எடுத்த படம், சர்வாதிகாரி ஹிங்கெல், அவர் சாயலிலேயே இருக்கும் ஒரு யூத பார்பர் என்று இரண்டு வேடமும் அவரே. நான் பார்ப்பது நாலாவது தடவை, தங்கைக்கு முதல் தடவை. இரண்டு மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், கடைசியில் பார்பர் மைக் முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்ததும் "இவ்வளவு நேரம் நல்லாத்தானே போச்சு, எதுக்கு இப்ப மேடைப் பேச்சு?" என்று கேட்டுவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அந்தப் பேச்சுக்காகத்தான் இந்தப் படத்தை ஒவ்வொரு தடவையும் போடுகிறேன்.

ஆனால் அவள் சொன்னது புதிதல்ல. படம் 1940 அக்டோபரில் நியூயார்க்கில் வெளியானபோதே விமர்சகர்கள் பலர் இதையேதான் சொன்னார்கள். இங்கே பார்த்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. பார்க்காதவர்கள் தயவுசெய்து பார்த்துவிட்டு வாருங்கள், கதை முழுக்கப் பேசப் போகிறோம்.

கடைசிவரிசை:
நான் உங்கள் தங்கை கட்சி. சாப்ளின் எனக்கும் கடவுள் மாதிரிதான், அதனால்தான் சொல்கிறேன். அந்தப் பேச்சு வரும்போது பார்பர் காணாமல் போய்விடுகிறார். முதல் உலகப் போரில் அடிபட்டு நினைவிழந்து வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர், வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் கடையைத் திறந்து தூசி தட்டியவர், அவருக்கு எங்கிருந்து பேராசை, இயந்திரம், விமானம், வானொலி பற்றியெல்லாம் இவ்வளவு கருத்து வந்தது? லூக்கா சுவிசேஷம் 17ஆம் அதிகாரம் என்று எண்ணோடு சொல்கிறார். அவர் யூதர்! அங்கே பேசுவது சார்லஸ் சாப்ளின் என்கிற மனிதர், வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்.

அந்த உலக உருண்டைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஹிங்கெல் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக உருண்டையைக் கையில் எடுக்கிறார், அது பலூன். மேலே தட்டுகிறார், தலையால் முட்டுகிறார், மேஜை மேல் படுத்துக்கொண்டு பின்பக்கத்தால் உந்துகிறார், ஒரு காதலியோடு ஆடுகிற மாதிரி அவ்வளவு மென்மை. கடைசியில் ஆசையாக இழுத்து அணைக்கப் போகும்போது முகத்திலேயே வெடிக்கிறது. ஒரு வார்த்தை கிடையாது. சர்வாதிகாரம் என்றால் என்ன என்று அதற்கு மேல் யார் சொல்ல முடியும்? அதைச் செய்த கலைஞன் பிறகு ஏன் வாயைத் திறந்து விளக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

வடக்குவீதி:
வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது, அதனால்தான். தேதிகளைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது 1939 செப்டம்பர் 1. பிரிட்டன் போர் அறிவித்தது செப்டம்பர் 3. சாப்ளின் படப்பிடிப்பு தொடங்கியது அதே மாதம் 9ஆம் தேதி. பேச்சைப் படம் பிடித்தது 1940 ஜூனில், அதாவது பிரான்ஸ் விழுந்த மாதத்தில். திரைக்கதை எழுதத் தொடங்கியபோது ஹிட்லர் ஒரு கோமாளி மாதிரித் தெரிந்திருக்கலாம், பேச்சை எடுக்கும்போது ஐரோப்பாவில் பாதி அவர் கையில் இருந்தது.

அதற்கு முன்னால் என்ன நிலைமை என்பதும் முக்கியம். 1938இல் இந்தப் படம் வரப்போகிறது என்ற செய்தி வெளியானதுமே லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ஜெர்மன் துணைத் தூதர் ஹாலிவுட் தணிக்கை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். பிரிட்டிஷ் அரசு, ஹிட்லரோடு சமாதானமாகப் போய்விடலாம் என்று நினைத்திருந்த காலம், எங்கள் நாட்டில் இதைத் திரையிட விடமாட்டோம் என்கிறது. பெரிய ஸ்டுடியோக்கள் ஜெர்மன் சந்தையை இழக்கப் பயந்து நாஜி என்ற வார்த்தையையே தொடாமல் தவிர்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தை வெளியிட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தில் சாப்ளினே ஒரு பங்குதாரர், ஆனாலும் அந்த அலுவலகத்திலிருந்தே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதாக அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மனிதர் சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்தார். போர் தொடங்கியதும் அதே ஆட்கள் சீக்கிரம் முடியுங்கள் என்று தந்தி அடித்தார்களாம்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒருவர் ஒரு படம் எடுக்கிறார், கடைசி ரீலில் ஒரு மைக் கிடைக்கிறது, எதிரே உலகம் இருக்கிறது. இலக்கணம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கச் சொல்கிறீர்களா? அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை, ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கி அவர்களைப் போருக்குள் இழுக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

முகில்77:
ஹிட்லரும் சாப்ளினும் பிறந்தது நாலே நாள் இடைவெளியில், தெரியுமா? சாப்ளின் 1889 ஏப்ரல் 16, ஹிட்லர் ஏப்ரல் 20. மீசையும் ஒரே மீசை. அப்புறம் ஹிட்லர் இந்தப் படத்தை வரவழைத்துத் தனியாக உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்தார் என்று படித்திருக்கிறேன். பார்த்துவிட்டு என்ன நினைத்திருப்பார்!

வடக்குவீதி:
பிறந்த தேதி சரி. மீசையில் சாப்ளின்தான் முன்னால், அவருடைய நாடோடி வேடம் 1914இலேயே வந்துவிட்டது. ஹிட்லர் பார்த்த கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை, எல்லா இடத்திலும் சுற்றுகிறது, அவ்வளவுதான். அதை இங்கே பரப்ப வேண்டாம். இன்னொன்று, நாஜிகளைக் கேலி செய்த முதல் ஹாலிவுட் நகைச்சுவைப் படம் இதுதான் என்றும் எழுதுகிறார்கள், அதுவும் சரியில்லை. த்ரீ ஸ்டூஜஸ் என்கிற நகைச்சுவைக் குழு நடித்த ஒரு குறும்படம் 1940 ஜனவரியிலேயே வந்துவிட்டது. முழுநீளப் படமாக, இவ்வளவு செலவில், உலகத்திலேயே அதிகம் தெரிந்த முகத்தோடு வந்தது இது. அந்தப் பெருமையே போதும்.

ரீல்பெட்டி:
கடைசிவரிசை, நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன், பேச்சை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால் படத்தை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டு, இந்தத் தடவை யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று மட்டும் கவனித்தேன். நான் சொல்ல வருவது இதுதான்: இந்தப் படமே குரலைப் பற்றிய படம். சாப்ளின் முழுக்கப் பேசி நடித்த முதல் படம் என்பதை மறந்துவிடாதீர்கள். பேசும் படம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் பேசாமல் பிடிவாதமாக இருந்தவர், அதற்கு முந்தைய 1936 படத்தில்கூட அர்த்தமில்லாத ஒரு பாட்டை மட்டும் பாடிவிட்டு நகர்ந்தவர். அவர் பேச முடிவு செய்ததும் முதலில் என்ன செய்கிறார்? பேச்சையே அம்பலப்படுத்துகிறார்.

ஹிங்கெலின் முதல் மேடைப் பேச்சு. ஜெர்மன் மாதிரி இருக்கிறது, ஜெர்மன் கிடையாது. உறுமல், இருமல், நடுநடுவே சாப்பாட்டுப் பெயர்கள். ஜனநாயகம் ஷ்டோங்க், சுதந்திரம் ஷ்டோங்க், பேச்சுரிமை ஷ்டோங்க், அதாவது எல்லாம் நாற்றம் என்கிற மாதிரி ஒரு பொய் வார்த்தை. அவர் கத்துகிற கத்தில் மைக்கே பயந்து பின்னால் வளைகிறது. பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் குரல் வருகிறது. ஹிங்கெல் யூதர்களைப் பற்றி முகம் கோணி, பல்லைக் கடித்து, காட்டு மிருகம் மாதிரி நீளமாகக் கத்தி முடித்ததும் அந்தக் குரல் அமைதியாகச் சொல்வது, தலைவர் இப்போது யூத மக்களைக் குறிப்பிட்டார் என்கிற அளவில் ஒரே ஒரு வரி. வெறுப்பைச் சலவை செய்து இஸ்திரி போட்டு வெளியே அனுப்புகிற குரல் அது. அந்த இடத்தில் இப்போது எனக்குச் சிரிப்பே வருவதில்லை.

அடுத்தது யூதர்கள் வாழும் தெரு. பார்பரும், அங்கே துணி துவைத்துப் பிழைக்கும் ஹன்னாவும் நல்ல உடை உடுத்திக்கொண்டு முதல் முறையாகச் சேர்ந்து வெளியே போகிறார்கள். திடீரென்று ஒலிபெருக்கியில் ஹிங்கெலின் குரல். தெருவே காலியாகிறது. பார்பர் ஓடுகிறார், அந்தக் குரல் ஏற ஏற அவர் உடம்பு அதற்கேற்பக் குதிக்கிறது, கடைசியில் ஒரு பீப்பாய்க்குள் போய் விழுகிறார். ஒரு சிப்பாய்கூட இன்னும் வரவில்லை, குரல் மட்டும்தான் வந்திருக்கிறது. படம் முழுக்க பார்பர் பேசுவது மிகக் கொஞ்சம், பேசினாலும் தடுமாற்றம்.

இப்போது முடிவுக்கு வாருங்கள். வாத்து வேட்டைக்குப் போன ஹிங்கெலை பார்பர் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், முகாமிலிருந்து தப்பிய பார்பரை ஹிங்கெல் என்று நினைத்து மேடைக்கு இழுத்து வருகிறார்கள். பேசத் தெரியாது என்கிறார். பேசியே ஆக வேண்டும், அதுதான் நமக்கிருக்கும் ஒரே நம்பிக்கை என்கிறார், ஹிங்கெலை எதிர்த்து முகாமுக்குப் போய் பார்பரோடு தப்பி வந்த தளபதி ஷுல்ட்ஸ். இரண்டு மணி நேரமாக ஒரே ஆளிடம் மாட்டிக்கொண்டிருந்த மைக், வாயே திறக்காத ஆளின் முன்னால் வந்து நிற்கிறது. "மன்னிக்க வேண்டும், நான் சக்கரவர்த்தியாக விரும்பவில்லை" என்று ஆரம்பிக்கிறார். அதாவது அந்த மைக்கில் ஒருவர் மன்னிப்புக் கேட்பதே அதுதான் முதல் தடவை. இந்தப் பேச்சு இல்லாவிட்டால் மைக் வளைந்தது, பீப்பாய், மொழிபெயர்ப்பாளர் எல்லாமே தனித்தனி ஜோக்காக நின்றுபோயிருக்கும்.

கடைசிவரிசை:
பீப்பாயையும் மைக்கையும் நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் உறுத்தல் முழுசாகப் போகவில்லை. பேச்சின் நடுவில் கை உயர்கிறது, குரல் ஏறுகிறது, கண் விரிகிறது, முடிவில் "போர்வீரர்களே" என்று கத்தும்போது அவரும் கூட்டத்தை எழுப்புகிற பேச்சாளர்தான். கூட்டம் ஆரவாரம் செய்கிறது, ஹிங்கெலுக்குச் செய்த அதே கூட்டம். அவர்கள் இவர் சொன்னதைக் கேட்டுக் கை தட்டினார்களா, அல்லது மேடையில் அந்த உடுப்பில் யார் நின்றாலும் தட்டியிருப்பார்களா? இந்தக் கேள்வியை நான் அலட்சியமாகக் கேட்கவில்லை, படம் பார்த்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் எனக்குள் பயமாக எழுகிற கேள்வி.

சலூன்கடைமகன்:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள், எனக்குப் படம் முழுசாகத் தெரியாது, ஒரு காட்சியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். வானொலியில் பிராம்ஸின் ஹங்கேரிய நடனம் ஐந்தாவது பாட்டு போகும், அதற்குத் தகுந்த மாதிரி பார்பர் ஒரு வாடிக்கையாளருக்குச் சவரம் செய்வார். அப்பா நாற்பது வருடம் சலூன் வைத்திருந்தவர். அந்தத் துண்டுப் படத்தை என் போனில் காட்டினேன். இரண்டாவது தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்த்தார். "கத்தி தீட்டுறப்ப மணிக்கட்டு திரும்புது பாரு, இந்த ஆள் யார்கிட்டயோ உட்கார்ந்து பழகியிருக்கான்" என்றார். நுரை போடுவது, வாரில் தீட்டுவது, கன்னத்தில் இழுப்பது, எல்லாம் தாளத்தில் விழுகிறது, நடுவில் காட்சியை வெட்டி ஒட்டிய மாதிரியே தெரியவில்லை. பாட்டு முடிகிற அதே நொடியில் காசுக்குக் கை நீட்டுகிறார். தொழில் தெரிந்தவன் உடம்பில் ஒரு சந்தோஷம் இருக்கும் இல்லையா, அதைப் படத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று அப்பா சொன்னார்.

ரீல்பெட்டி:
உங்கள் பதிவைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஒன்று கவனியுங்கள், உலக உருண்டை நடனமும் இந்தச் சவரக் காட்சியும் படத்தில் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே வேக்னரின் இசை, ஒருவன் உலகத்தையே கையில் எடுத்து உடைக்கிறான். இங்கே பிராம்ஸ், ஒருவன் இன்னொருவனின் கழுத்தில் கத்தி வைத்து ஒரு கீறல்கூட இல்லாமல் எடுக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே முகம். அப்பாவுக்கு முழுப் படத்தையும் காட்டுங்கள்.

தாழ்வாரம்:
எல்லாரும் இவ்வளவு ரசித்துப் பேசும்போது இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வதை முகாம் காட்சிகள் எனக்குத் தாங்கவில்லை. பார்பரும் ஷுல்ட்ஸும் கைதி உடையில் கால் தூக்கி அணிவகுத்துப் போவதை நகைச்சுவையாக வைத்திருக்கிறார்கள். அங்கே நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும். இன்னொரு இடத்தில் ஹிங்கெலின் அமைச்சர் ஹெரிங் ஓடிவந்து, அருமையான விஷவாயு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம், எல்லாரையும் கொன்றுவிடும் என்று குழந்தை மாதிரி குதூகலமாகச் சொல்கிறான். அந்த வரியைக் கேட்டதும் படத்தை நிறுத்திவிட்டேன். மறுபடி தொடங்க ஒரு வாரம் ஆனது.

வடக்குவீதி:
சாப்ளினுக்கே அந்த வலி இருந்தது. 1964இல் வந்த சுயசரிதையில், முகாம்களில் உண்மையில் நடந்த கொடூரம் அப்போது தெரிந்திருந்தால் இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது, அந்தக் கொலைவெறியைக் கேலி செய்திருக்க முடியாது என்று எழுதினார்.

ஆனால் அவரைவிட அவர் படத்துக்கு அதிகம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் தாகாவ் வதை முகாம் 1933இலேயே திறந்தாயிற்று. 1938 நவம்பரில் ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளை உடைத்து, வழிபாட்டுக் கூடங்களை எரித்தார்கள், உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. கடைக் கண்ணாடியில் யூதர் என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதுவதும், பார்பர் அது என்னவென்றே புரியாமல் துடைக்கப் போவதும் அங்கிருந்து வந்ததுதான். கதையில் இன்னொரு இழை இருக்கிறது, யாரும் அதிகம் பேசுவதில்லை. படையெடுக்கப் பணம் வேண்டும், கடன் கொடுக்கக்கூடியவர் எப்ஸ்டைன் என்கிற யூத வங்கிக்காரர், அதனால் ஹிங்கெல் கொஞ்ச நாள் அடிப்பதை நிறுத்தச் சொல்கிறார். தெருவில் சிப்பாய்கள் திடீரென்று மரியாதையாக நடக்கிறார்கள், கீழே விழுந்த ஹன்னாவைத் தூக்கிவிடுகிறார்கள், இப்படியே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் நம்பத் தொடங்குகிறாள். கடன் கிடையாது என்று பதில் வந்த அன்றே மறுபடி நெருப்பு. ஒரு மக்கள் கூட்டத்தின் நிம்மதி ஒரு ஆளின் கடன் விண்ணப்பத்தில் தொங்குகிறது என்பதை இவ்வளவு எளிமையாக வேறு யார் காட்டினார்கள்?

அந்த விஷவாயு வரியும் அப்படித்தான். உங்களைப் படத்தை நிறுத்த வைத்தது என்றால் அது வேலை செய்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குண்டு துளைக்காத உடுப்பு என்று ஒருவன் போட்டுக்கொண்டு வருகிறான், ஹிங்கெல் சுடுகிறார், அவன் செத்து விழுகிறான், ஹிங்கெல் சலிப்போடு திரும்பிக்கொள்கிறார். சிரித்த அடுத்த நொடி தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

தாழ்வாரம்:
வேலை செய்கிறது என்பதை ஏற்கிறேன். முகாம் அணிவகுப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதை எடுத்தவரே பிறகு ஏற்கவில்லை என்று தெரிந்ததில் அவர் மேல் மரியாதை கூடியிருக்கிறது.

முகில்77:
முசோலினி சாயலில் வரும் இன்னொரு சர்வாதிகாரி நாபலோனி, ஹிங்கெலைப் பார்க்க வந்து இறங்கியதிலிருந்து எனக்குத் தனிப் படம் மாதிரி. ரயில் நின்ற இடத்தில் கம்பளம் இல்லை, கம்பளம் இருக்கும் இடத்தில் ரயில் நிற்கவில்லை. பிறகு சலூன் நாற்காலிகளில் உட்கார்ந்து யார் உயரம் என்று இரண்டு பேரும் மாறி மாறி ஏற்றிக்கொண்டு கூரை வரைக்கும் போவது. நாபலோனியாக நடித்த ஜாக் ஓக்கிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது நியாயம். மொத்தம் ஐந்து பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் அநியாயம்.

அப்புறம் ஸ்பெயினில் பிராங்கோ 1975இல் சாகும் வரைக்கும் இந்தப் படத்தைக் காட்டவிடவில்லை, 1976இல்தான் அங்கே திரைக்கு வந்தது. முப்பத்தாறு வருடம் ஒரு நகைச்சுவைப் படத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

ரீல்பெட்டி:
கடைசிவரிசை, உங்கள் கேள்விக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்தேன், ஏனென்றால் அது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தக் கூட்டத்தை நானும் நம்பவில்லை. உடுப்பைப் பார்த்துக் கை தட்டுகிறவர்கள்தான். சாப்ளினும் நம்பவில்லை என்று நினைக்கிறேன், அதனால்தான் படம் கூட்டத்தில் முடியவில்லை. பேச்சு முடிந்ததும் அவர் குரல் தணிகிறது. ஹன்னா, நான் பேசுவது கேட்கிறதா, எங்கே இருந்தாலும் நிமிர்ந்து பார் என்கிறார். இத்தனை ஆயிரம் பேர் எதிரே நிற்க, அங்கே இல்லாத ஒரே ஒரு பெண்ணிடம் பேசுகிறார். ஹன்னா என்பது சாப்ளினின் அம்மா பெயர். படத்தில் அவள், ஹிங்கெல் படையெடுத்துப் பிடித்த பக்கத்து நாடான ஆஸ்டர்லிக்கில் ஒரு தோட்டத்தில் சிப்பாயிடம் அடிபட்டுத் தரையில் கிடக்கிறாள். குரல் அங்கே வருகிறது. அன்று தெருவில் ஒலிபெருக்கியில் வந்த குரலுக்கு ஓடிய அதே பெண் இப்போது எழுகிறாள். பெரியவர் ஜேக்கல் அவளிடம் கேட்டாயா என்கிறார். அவள் சொல்வது ஒரே வார்த்தை: "கேளுங்கள்." படத்தின் கடைசி வார்த்தை அது. அது பார்பருடையதும் இல்லை.

பின்னால் ஓடுவது உலக உருண்டைக்கு வந்த அதே வேக்னர் இசை, லோஹென்கிரின் என்கிற இசைநாடகத்தின் முன்னிசை. அங்கே பலூன் வெடித்ததோடு நின்றுபோனது, இங்கே முழுசாகப் போய் முடிகிறது. ஹிட்லருக்குப் பிடித்த இசையமைப்பாளரை அவர் கையிலிருந்து பிடுங்கி ஒரு துணி துவைக்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்.

கடைசிவரிசை:
ராத்திரி கடைசி இருபது நிமிடத்தை மறுபடி பார்த்தேன். உருண்டைக் காட்சிதான் உயர்ந்தது என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஹன்னாவிடம் பேசும் இடத்தில் இனி எழுந்து போகமாட்டேன்.

சலூன்கடைமகன்:
அப்பாவுக்கு முழுப் படத்தையும் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் எழுத்தோடு எனக்குக் கிடைக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் சொல்லிக்கொண்டு போனேன். ஹிங்கெல் கத்தும் இடங்களில் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். கண்ணாடியில் பெயிண்ட் அடிக்கும்போது மட்டும் "கடை வாசல்லயா எழுதுறாங்க" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

கடைசிப் பேச்சு வந்ததும் நான் சுருக்கமாக, எல்லாரும் ஒற்றுமையாக இருக்கணும்னு சொல்றார்ப்பா என்றேன். அப்பா ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி நிறுத்திவிட்டார். "இவ்வளவு நேரம் பேசாத ஆள் பேசுறான். ஒவ்வொண்ணா சொல்லு" என்றார். ஒரு வரி ஓடவிடுவது, நிறுத்துவது, நான் தமிழில் சொல்வது, அவர் தலையாட்டியதும் அடுத்த வரி. அந்தப் பேச்சு முடிய முக்கால் மணி நேரம் ஆனது. நாம் அதிகம் யோசிக்கிறோம், மிகக் குறைவாகவே உணர்கிறோம் என்கிற வரியை இரண்டு முறை கேட்டார். ஹன்னா என்று கூப்பிடும் இடத்தில், அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்றார். வேறு நாட்டில் என்றேன்.

"அவ்வளவு தூரம் கேட்குதா?"

கேட்குதுப்பா என்றேன். ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.